அடுப்புக்கு ஒரு கூறு

அந்தக் கரையில் மீன் விற்ற காசை ஆளுக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அதில் சண்டை வரும், கெட்ட வார்த்தை வரும், மறுநாள் விடியற்காலையில் அதே ஆட்கள் அதே படகைத் தள்ளிக்கொண்டு போவார்கள். குழம்பு மீனில் மட்டும் சண்டை வந்து யாரும் பார்த்ததில்லை. விற்க எடுத்து வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் மீனை அள்ளி மணலில் கூறு கூறாகப் போடுவார்கள். அது ஆளுக்கு இல்லை, அடுப்புக்கு. ஒரே வீட்டிலிருந்து அப்பனும் மூன்று பிள்ளைகளும் படகில் வந்திருந்தாலும் ஒரு கூறுதான். ஒண்டிக்கட்டையாக வந்தவனுக்கும் ஒரு கூறுதான். எந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

முத்தம்மா வீட்டில் ஒரு அடுப்பு. ஓலை வீட்டில் இருந்தபோதும் ஒன்று, சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இருந்தபோதும் ஒன்று, லூப் ரோட்டோரம் ஹவுசிங் போர்டு இரண்டாம் மாடிக்கு வந்த பிறகும் ஒன்று. முப்பது வருஷமாக அந்த அடுப்புக்கு அவள்தான் ராணி. லூர்துசாமியைக் கட்டிக்கொண்டபோது கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி மேரி என்று பெயர் வைத்தார்கள். சாமியாரைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் வைக்கும் குழம்பில் புளியும் மாங்காயும் தூக்கலாக இருக்கும். காலையில் வைத்தது மறுநாள் காலையில்தான் அதன் உண்மையான குணத்துக்கு வரும்.

புருஷனும் மகன் ஏசுராஜும் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகுதான் முத்தம்மா தட்டை எடுப்பாள். நடுத்துண்டுகள் அதற்குள் போய்விட்டிருக்கும். தலை அவளுக்கு. "தலதான் ருசி" என்று யார் கேட்டாலும் சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அது அவளுக்கே நிஜமாகிவிட்டது. மருமகள் வந்த பிறகு வால் துண்டு மருமகளுக்கு.

மருமகள் பெயர் ஷண்முகப்ரியா. நங்கநல்லூர்ப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை. மூன்று கிறிஸ்துமசுக்கு முன்னால் அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போன ஏசுராஜ், ஒரு புடவைக்காக மூன்று மணி நேரம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் அதை மாற்றப் போனான். அதற்கடுத்த வாரம் மாற்றியதை மாற்றப் போனான். புடவைக்குப் பதில் மருமகளே வந்துவிட்டாள் என்று லூர்துசாமி கேலி செய்வார். முத்தம்மாவுக்கு அவளைப் பிடிக்கும். கடலோரத்துப் பெண் இல்லாவிட்டாலும் மீனை மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவாத பெண், அதுவே போதும்.

லூர்துசாமிக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு. ஏசுராஜ் காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகில் வேலை பார்த்தான். போனால் பத்து நாள் கடலில்தான் வாசம். சித்திரை பிறந்ததும் மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகளுக்குத் தடை போட்டுவிடுவார்கள். ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள். அந்த நாளெல்லாம் ஏசுராஜுக்குச் சம்பளம் கிடையாது, அப்பாவின் பைபரில் கூடமாட ஏறுவான். அதற்குத்தான் அரசாங்கம் மீனவக் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணம் என்று எட்டாயிரம் தருகிறது.

மார்ச் மாதம் ஒரு நாள் மீனவர் சங்கத்துச் செயலாளர் ரகுபதி மாடியேறி வந்தான். கையில் பெயர்ப் பட்டியல், காதில் பேனா.

"யக்கா, உன் புள்ளைக்கு கண்ணாலம் ஆயி எம்மா நாளு ஆவுது?"

"ஒன்ற வருசம். ஏன், நீதான் பந்தியில மூணு தபா குந்துனியே."

"அத்த வுடு. இன்னும் அவன் உன் ரேஷன் கார்டுலயே கீறானே, அதான் கேக்கறேன். கெவர்மென்ட்டு ஆளுக்குக் காசு குடுக்கல, கார்டுக்குத்தான் குடுக்குது. போன வருசமும் ஒரே எட்டாயிரம் வாங்கிக்கினு சும்மா இருந்துட்டீங்க. தனிக் கார்டு வாங்குனா அவனுக்குத் தனியா வரும். மழக்காலத்துக் காசும் தனியா வரும். அரிசி, சக்கர எல்லாம் தனியா வரும்."

"அவன் என் புள்ள. என் கார்டுல இல்லாம உன் கார்டுலயா இருப்பான்?"

லூர்துசாமி வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே சிரித்தார். "கெவர்மென்ட்டும் நம்மள மாதிரிதான் கூறு போடுது, பாத்தியா ரகு. தலைக்கு இல்ல, அடுப்புக்கு."

"அதேதான் நைனா! கரீட்டா புட்ச்சிக்கினே. தனிக் கார்டு வேணும்னா தனி அடுப்பு காட்டணும். ஒரே வூட்ல ரெண்டு கார்டுன்னா ஆபீசரு நேர்ல வந்து பாப்பாங்க."

முத்தம்மா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். "தனி அடுப்பா? என் வூட்லயா?"

"சும்மா காட்டறதுக்கு யக்கா. சினிமா செட்டு மாதிரி. வந்து பாத்துட்டுப் போனதும் தூக்கி பரண்ல போட்டுடு. எத்தினி பேரு செய்றாங்க."

முத்தம்மாவுக்குப் படகு ஞாபகம் வந்தது. படகின் எஞ்சின் இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்து ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தான். கடலில் நடுவழியில் அது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவளுடைய அண்ணன் அப்படித்தான் ஒரு முறை இரண்டு நாள் மிதந்துவிட்டு வந்தான்.

"சரி. காட்டறதுக்குத்தானே" என்றாள்.

முதலில் பழைய கார்டிலிருந்து ஏசுராஜின் பெயரை எடுக்க வேண்டும். மயிலாப்பூரில் இ-சேவை மையத்துக்கு மகனோடு போனாள். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பேர் நீக்கல்தானே?" என்று கேட்டதும் முத்தம்மாவுக்குத் திக்கென்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மாமியார் செத்தபோதும் இதே வார்த்தையைத்தான் கேட்டார்கள்.

"நீக்கறதெல்லாம் செத்தவங்களுக்குத்தானேம்மா?"

"இல்லம்மா, காரணம் கல்யாணம்னு போட்டிருக்கேன். பயப்படாதீங்க."

"நல்லா பாத்துப் போடு. மாத்தி கீத்திப் போட்டுடாத."

"யம்மா, கம்முனு இரு" என்றான் ஏசுராஜ். வெளியே வந்து அவளுக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள். சின்ன வயதில் எதை வாங்கினாலும் பாதி அவனுக்கு என்பது வழக்கம். அவன் யோசிக்காமல் வாங்கிக் குடித்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மனசு சமாதானமாயிற்று.

அடுப்புக்கு எங்கே போவது? லூர்துசாமியின் படகுக் கூட்டாளி ஆண்டனியின் மனைவி ஆஷாவிடம் ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிவந்து பால்கனியில் பலகை போட்டு வைத்தார்கள். அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று. ப்ரியாவின் சீர்வரிசைப் பாத்திரங்கள் பரணிலிருந்து இறங்கின. ஒரு பழைய புடவையைக் குறுக்கே கட்டியதும் தனிக் குடித்தனம் தயாராகிவிட்டது. நாடகத்துக்குத் திரை கட்டியாச்சு என்றார் லூர்துசாமி.

சித்திரை மாதத்து வெயில் நாள் ஒன்றில் விசாரணைக்கு ஆபீசர் வந்தார். மதுவந்தி என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும், மயிலாப்பூர்தான். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் குடையுமாக இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கினார். முத்தம்மா அவசரமாகத் தண்ணீர் கொடுத்தாள். ப்ரியா வேலைக்குப் போகாமல் காத்திருந்தாள்.

மதுவந்தி பால்கனிக்குப் போனார். அடுப்பைப் பார்த்தார். எவர்சில்வர் குண்டானைத் தூக்கிப் பார்த்தார். அதன் வயிற்றில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. எண்ணெய்ப் பாட்டில் நிரம்பி வழிந்தது. உப்பு ஜாடியில் உப்பு இல்லை.

"எத்தனை நாளா தனியா சமைக்கறேள்?"

"ஆறு மாசமா மேடம்" என்றான் ஏசுராஜ்.

"உப்பில்லாமயா?"

ஏசுராஜ் அம்மாவைப் பார்த்தான். முத்தம்மா ப்ரியாவைப் பார்த்தாள். ப்ரியா கடலைப் பார்த்தாள். லூர்துசாமிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, "இவனுக்கு பி.பி. மேடம், உப்பு ஆவாது" என்றார்.

மதுவந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடையை மடித்துக்கொண்டே சொன்னார்: "இதோ பாருங்கோ, உங்களுக்குத் தகுதி இல்லைன்னு நான் சொல்லல. கல்யாணம் ஆனவா தனிக் கார்டு கேக்கறது நியாயம்தான். ஆனா தனி சமையல்னு நான் எழுதணும்னா தனி சமையல் நடக்கணும். இல்லாததை இருக்குன்னு எழுத மாட்டேன். ரெண்டு வாரத்துக்குள்ள திரும்பி வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். அப்ப அடுப்பு எரியணும்."

அவர் போனதும் எல்லோரும் ஏசுராஜைத் திட்டினார்கள். பிறகு லூர்துசாமியைத் திட்டினார்கள். கடைசியில் முத்தம்மா முடிவு சொன்னாள்: "ரெண்டு வாரம்தானே. ப்ரியா, தெனம் காலைல அந்த அடுப்புல ஆக்கு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும். அந்தம்மா வந்து பாத்துட்டுப் போவட்டும்."

"நானா அத்தை? தனியாவா?"

"நீதான். உப்பு மட்டும் மறக்காமப் போடு."

மறுநாள் காலையில் ஹவுசிங் போர்டின் இரண்டாம் மாடியில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு குழம்பு வாசனை கிளம்பியது. ப்ரியா அம்மா வீட்டுப் பழக்கப்படி தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றி, வடகம் தாளித்தாள். முத்தம்மா இந்தப் பக்கம் புளியைக் கரைத்துக்கொண்டே, தேங்காய் போட்டால் மீன் குழம்பு சாயங்காலமே ஊசிப்போகுமே என்று புகைந்தாள். சொல்லவில்லை. நாடகத்தில் நடுவே புகுந்து வசனம் சொல்லக் கூடாது.

ஆபீசர் எந்த நேரமும் வரலாம் என்பதால் ஏசுராஜும் அந்தப் பக்கமே சாப்பிட்டான். முத்தம்மாவின் கை மட்டும் பழக்கத்தில் அளந்துகொண்டே இருந்தது. முத்தம்மா தினமும் நாலு பேருக்கு அரிசி போட்டாள். தினமும் மிஞ்சியது. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் அவளும் லூர்துசாமியும் சாப்பிட்டார்கள். நாலாம் நாள் லூர்துசாமி, "பழைய சோறு துன்னு துன்னு எனக்கு ஜலதோசம் புட்ச்சிக்கிச்சி, அளவா ஆக்குடி" என்றார். அளவாக ஆக்குவது என்றால் மகனுக்கு இல்லாமல் ஆக்குவது. அவளுக்கு அது வரவில்லை.

அன்றைக்குக் கரையில் நடந்தது அதைவிட மோசம். தெற்குக் காற்று நன்றாக வீசி, பைபர் படகில் சங்கராவும் கிழங்கானும் ஏராளமாக ஏறியிருந்தன. விசைப்படகு மீன் வராத காலம், விலையும் நல்ல விலை. முத்தம்மா அன்னக்கூடையோடு மணலில் நின்றிருந்தாள். படகில் போனவர்கள் லூர்துசாமி, ஏசுராஜ், ஆண்டனி, செம்பியன். மூன்று வீட்டு ஆட்கள். ஆண்டனி குனிந்து குழம்பு மீனைக் கூறு போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கூறையும் போட்டான்.

"இன்னா ஆண்டனி, நாலு கீது?"

"உன் வூட்டுக்கு ரெண்டு அண்ணி."

"எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு அடுப்பு எரியுதே."

"அடப்பாவி, அது ஆபீசருக்குக் காட்டறதுக்குடா. உன் பொண்டாட்டி குடுத்த அடுப்புதான் அது. உனக்குத் தெரியாதா?"

ஆண்டனி நிமிர்ந்தான். அவன் கேலி செய்யவில்லை. "காட்டறதுக்கோ மாட்டறதுக்கோ, எனக்கு இன்னா தெரியும் அண்ணி? அடுப்பு எரியுதா, அதுல கொயம்பு வேவுதா? வேவுது. எங்க வூடு வரைக்கும் வாசன வருது. அப்பால நான் கூறு போடலன்னா தப்பு என் மேல. நாளைக்கு எவனாவது கேப்பான்."

ஏசுராஜ் நாலாவது கூறை ஒரு கவரில் அள்ளிக்கொண்டு நடந்தான். லூர்துசாமி மூன்றாவது கூறை அள்ளி அவளுடைய கூடையில் போட்டார். அப்பனும் பிள்ளையும் ஒரே படகில் போய் ஒரே வலையை இழுத்துவிட்டு, ஆளுக்கொரு மீன் பொட்டலத்தோடு ஒரே வீட்டுக்கு நடந்தார்கள். பின்னால் நடந்த முத்தம்மாவுக்கு அழுகை வந்தது. அரசாங்கத்தை ஏமாற்றலாம் என்று நினைத்தாள், கரையை ஏமாற்ற முடியவில்லை. கம்ப்யூட்டரில் பேரை எடுத்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

மதுவந்தி ஒன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வாசலிலேயே கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. எங்காத்துல முட்டைகூட வராது."

"அய்யய்யோ, உள்ள வராதீங்கம்மா, நாங்க அடுப்ப வெளிய தூக்கியாந்து காட்டறோம்" என்றாள் முத்தம்மா.

"வேண்டாம், வேண்டாம்." அவர் கூடத்தின் நடுவில் நின்று, இந்தப் பக்கம் ஒரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு தடவையும் திரும்பினார். கர்ச்சீப்பை லேசாக விலக்கினார். "ரெண்டும் வேற வேறயா இருக்கே. இங்க புளி. அங்க தேங்கா, சோம்பு... இல்லையா?"

"ஆமா மேடம்" என்றாள் ப்ரியா.

"மீனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ரெண்டு கை சமையல்னு தெரியறது. உப்பு வாங்கினேளா?"

"வாங்கியாச்சு மேடம்."

பால்கனிக்குப் போய்ப் பார்த்தார். குண்டானின் அடி கறுத்திருந்தது, விலைச் சீட்டு கருகிப் போயிருந்தது. அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது முத்தம்மாவைப் பார்த்து, "இவ்வளவு சீக்கிரமா தனியா நன்னா சமைக்கக் கத்துண்டுட்டாளே, உங்க மாட்டுப்பொண்ணு சமத்து" என்றார். முத்தம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கதவு வரைக்கும்தான் இருந்தது.

மே மாதக் கடைசியில் கார்டு வந்தது. ரகுபதி பட்டியலில் இரண்டு பெயராக எழுதிக்கொண்டு போனான். ஜூன் முதல் வாரம் அப்பன், பிள்ளை இரண்டு பேர் போனிலும் எட்டாயிரம் ஏறியதாக மெசேஜ் வந்தது. எஞ்சினைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்தார்கள். அவன் இருமலைத் தீர்த்து அனுப்பினான். எல்லாம் நினைத்தபடி நடந்து முடிந்தது. பரணில் போட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

முத்தம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் புடவைத் திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

"ஆபீசரு பாத்தாச்சி, கார்டு வந்தாச்சி, காசும் வந்தாச்சி. அந்த அடுப்ப நிறுத்திடு ப்ரியா."

ப்ரியா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "இருக்கட்டும் அத்தை."

"இன்னா இருக்கட்டும்?"

"அடுப்பு."

"ஏன், நான் உன்னப் பட்னி போட்டனா?"

"இல்ல அத்தை."

"என் கொயம்பு வாயில வெக்க வெளங்கலியா?"

"உங்க கொழம்பு மாதிரி எனக்கு எந்த ஜென்மத்துலயும் வராது."

"அப்பால இன்னாடி?"

ப்ரியா கத்தியைக் கீழே வைத்தாள். கடையில் பத்து மணி நேரம் நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்து நின்றாள். "இந்த அடுப்பு வந்ததுக்கு அப்புறம்தான் அத்தை நான் உக்காந்து சாப்புடறேன். ஆக்கினதும் அவரும் நானும் ஒண்ணா உக்காந்துடறோம். கடைலதான் நாள் பூரா நிக்கறேன். வீட்லயும் அவங்க சாப்புட்டு எழுந்துக்கற வரைக்கும் நிக்கணும்னா..."

"நானும்தான் நின்னேன். முப்பது வருசம்."

"தெரியும் அத்தை" என்றாள் ப்ரியா. அவள் குரலில் எதிர்த்துப் பேசுகிற சூடு இல்லை. அதனாலேயே முத்தம்மா திரையை இழுத்துவிட்டுத் தன் பக்கம் திரும்பி நடந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. சண்டை என்று சொல்ல முடியாது. தண்ணீர் வந்ததா, சிலிண்டர் சொன்னாயா என்கிற அளவுக்கு வார்த்தைகள் திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தன. ஒரு நாள் லூர்துசாமி, "அவங்க பாட்டுக்கு ஆக்கித் துன்னட்டுமே, உனக்கு இன்னா பேஜாரு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஜூன் பதினைந்தாம் தேதி தடை முடிந்து ஏசுராஜ் காசிமேட்டுக்குப் போனான். போகும்போது இரண்டு பக்கமும் சாப்பிட்டுவிட்டுப் போனான். வயிறு தாங்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறியதை முத்தம்மா பால்கனியிலிருந்து பார்த்தாள்.

மகன் கடலுக்குப் போய்விட்டான், தன் ஒருத்திக்காக எவள் உலை வைப்பாள் என்று அவள் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தாள். மருமகள் வைத்தாள்.

அந்தச் சமயம் பார்த்து ஆஷா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். மகளுக்குப் பெரம்பூரில் வீடு பார்த்திருக்கிறார்களாம், அந்த ஒற்றை அடுப்பு வேண்டுமாம். முத்தம்மாவுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி இருந்தது. "இப்பவே எட்தாரேன்டி" என்று பதில் கொடுத்துவிட்டுத் திரையை விலக்கினாள்.

வியாழக்கிழமை, ப்ரியாவுக்கு விடுமுறை. லூர்துசாமி வலை வாங்கப் போயிருந்தார். மணி பன்னிரண்டு. வெயில் கடலின் மேல் கண் கூச விழுந்துகொண்டிருந்தது. ப்ரியா தரையில் இரண்டு தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆஷா அடுப்பக் கேக்கறா. அவ பொண்ணுக்கு வேணுமாம். நான் இன்னா செய்ய?"

"குடுத்துடலாம் அத்தை. அவங்களுதுதானே." ப்ரியாவின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, "அடுப்பு சூடா இருக்கு. ஆறட்டும். அதுக்குள்ள நீங்க உக்காருங்க" என்றாள்.

"எனக்கு அங்க ஆக்கி வெச்சது கீது."

"தெரியும். இன்னிக்கு இங்க. உங்களத்தான் கூப்பிட வரலாம்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க."

முத்தம்மா நின்றாள். தன் வீட்டிலேயே தன்னை உட்காரச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் பொங்கிய சோற்றுக்கு அவள் யாராலும் கூப்பிடப்பட்டதே இல்லை. பழக்கத்தில் கை கரண்டியைத் தேடியது. கரண்டி ப்ரியாவிடம் இருந்தது. உட்கார்ந்தாள்.

ப்ரியா சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். முந்தின நாள் வாங்கிய சங்கரா. ஒரு நடுத்துண்டை எடுத்து முத்தம்மாவின் தட்டில் வைத்தாள். கெட்டியாக, வெள்ளையாக, முள் ஒரு பக்கமாக ஒதுங்கிய துண்டு.

"இத எதுக்கு எனக்கு வெச்ச? தல எங்க?"

"சட்டில இருக்கு."

"அத்தக் குடு. எனக்குத் தலதான் புடிக்கும்னு தெரியாதா உனக்கு?"

ப்ரியா கரண்டியைச் சட்டியில் விட்டாள், எடுக்கவில்லை. "நெஜமாவே புடிக்குமா அத்தை?"

கீழே ரோட்டில் மீன் வாங்க வந்த கார் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. முத்தம்மா தட்டைப் பார்த்தாள். புடிக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். முப்பது வருஷமாகச் சொன்ன பதில், நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வெளியே வரவில்லை. மீனைப் பிட்டு வாயில் வைத்தாள். தேங்காய் கொஞ்சம் அதிகம், காரம் கொஞ்சம் கம்மி. ஆனால் நடுத்துண்டு நடுத்துண்டுதான். முள்ளைத் தேடாமல், எச்சரிக்கை இல்லாமல், வாய் நிறைய மீன் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லவும் வழியில்லை.

ப்ரியாவும் எதிரே உட்கார்ந்து இன்னொரு நடுத்துண்டை வைத்துக்கொண்டாள். இரண்டு பேர் தட்டிலும் முள் மட்டும் மிஞ்சியது.

"இன்னொரு துண்டு?"

"வை" என்றாள் முத்தம்மா.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு அவளே அந்த அடுப்பைத் துடைத்து, கீழே கொண்டுபோய் ஆஷாவிடம் கொடுத்தாள். திரும்பி வந்து சேலையைச் செருகிக்கொண்டே சொன்னாள்: "அது ஒரு கலீஜ் அடுப்பு. ஒரு பக்கம்தான் எரியுது. நாளைக்கு டி. நகர்லேருந்து வர்றப்ப ரெண்டு பர்னரு அடுப்பா பாத்து வாங்கினு வா. காசு நான் தரேன். எனக்கும் கெவர்மென்ட்டு குடுத்துச்சி இல்ல."

"அத்தை..."

"தேங்காவ மட்டும் கொறச்சிப் போடு. சாயங்காலத்துக்குத் தாங்காது."

சனிக்கிழமை விடியலில் லூர்துசாமியின் படகு கரையேறியது. எஞ்சின் சுத்தமாகச் சத்தம் போட்டது. ஏசுராஜ் காசிமேட்டுப் படகில் இருந்ததால் இதில் மூன்றே பேர். மூன்று வீடு. ஆண்டனி கூறு போடக் குனிந்தான், மூன்று போட்டுவிட்டுத் தயங்கினான். பழைய அடுப்பு தன் வீட்டுக்குத் திரும்பி வந்தது அவனுக்குத் தெரியும், முந்தின நாள் ப்ரியா வாங்கிவந்த புது அடுப்பு தெரியாது.

"இன்னா அண்ணி, உன் வூட்டுக்கு இப்ப ஒண்ணா, ரெண்டா?"

கரையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். லூர்துசாமி பார்க்காத மாதிரி வலையை உதறினார்.

"ரெண்டு" என்றாள் முத்தம்மா. "ஒயுங்கா சமமா போடு. அந்தக் கூறுல சின்னதாப் பொறுக்கிப் போடாத, என் மருமவ வேலைக்குப் போறவ."

அன்று மத்தியானம் லூர்துசாமி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தட்டில் சோறு விழுந்தது, புளிக் குழம்பு விழுந்தது, கடைசியாக ஒரு சங்கராத் தலை விழுந்து அவரையே பார்த்தது.

"இன்னாடி இது, தல?"

முத்தம்மா அவருக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடுத்துண்டைத் தன் சோற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"துன்னு. தலதான் ருசி. முப்பது வருசமா துன்றேன், எனக்குத் தெரியாதா?"